பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுத் தோட்டத்தின் நோயைக் கண்டறிந்த டாக்டர்: சர் மால்கம் வாட்சன்

லூமுட் படகுத்துறையில் நின்று சுற்றிப் பார்த்தால் மூன்று வகை நிலம் தெரியும். முன்னால், கடல் ஏறி இறங்கும் அலையாத்திக் கரை. பின்னால், காடு மூடிய குன்றுகள். உள்ளே போகப் போக, சித்தியவான், ஆயர் தாவார் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் நின்று இன்று செம்பனை நிற்கும் தாழ்வான சமவெளி.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் இந்த மூன்று நிலங்களிலும் மலேரியா மனித உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் ஒன்றுதான். ஆனால் அதைப் பரப்பும் கொசு சமவெளியில் ஒன்று, குன்றில் இன்னொன்று, கடலோரத்தில் வேறொன்று. ஓரிடத்தில் உயிரைக் காத்த வேலையே இன்னோரிடத்தில் உயிரைப் பறித்தது. இதைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் மால்கம் வாட்சன். அவர் பெரும்பாலும் பணியாற்றியது கிள்ளான் வட்டாரத்தில்தான். ஆனால் அவர் கற்றுக்கொடுத்த முறை பின்னர் மலாயாத் தோட்டங்கள் எங்கும் பரவியது.

அவருக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார் என்றால், பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். காய்ச்சல் இல்லாமல், படுக்கையில் விழாமல், லய வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்.

கிள்ளானுக்கு வந்த இளம் மருத்துவர்

மால்கம் வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900இல் அரசாங்க மருத்துவராக மலாயாவுக்கு வந்தார். 1901 தொடக்கத்தில் கிள்ளான் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு 27 வயது.

அப்போது மலேரியாவைப் பற்றிய அறிவே புதிது. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் 1880இல்தான் நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அந்த ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அதுவரை சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று படித்தவர்களும் நம்பினார்கள். கொசுவை ஒழித்தால் ஓர் ஊரையே காப்பாற்றலாம் என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் அன்று மிகச் சிலரே.

வாட்சன் வந்த ஆண்டில் கிள்ளான் நகரமே காய்ச்சலில் படுத்திருந்தது. செப்டம்பரில் பக்கத்தில் புதிய துறைமுகம் ஒன்று திறக்கப்பட்டது. அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் பெற்றிருந்த அதுதான் இன்றைய கிள்ளான் துறைமுகம். திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். பெரும் பணம் போட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

எந்த வீட்டில் காய்ச்சல் வந்தது, அந்த வீடு எங்கே இருக்கிறது என்று வாட்சன் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார். சதுப்புக்கும் காட்டுக்கும் அருகே இருந்த வீடுகளில்தான் நோய் குவிந்திருந்தது. சதுப்பை வடிக்க வேண்டும், நகரைச் சுற்றியுள்ள காட்டை வெட்ட வேண்டும், துறைமுகத்தில் கடல் நீர் புகாதபடி கரை கட்டி உள்ளே வடிகால் வெட்ட வேண்டும் என்று அவர் அரசாங்கத்துக்கு எழுதினார். அரசாங்கமும் பணம் ஒதுக்கியது.

பலன் உடனே தெரிந்தது. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் 1901இல் 582 பேர் இறந்திருந்தார்கள். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை 144 ஆகக் குறைந்தது. கொசுவின் பிறப்பிடத்தைக் கெடுத்து மலேரியாவை அடக்கியதில் உலகின் முதல் வெற்றிகளில் இதுவும் ஒன்று.

கை சொல்லும் கணக்கு

நகரத்தில் கிடைத்த வெற்றியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது எளிதாக இல்லை. நகரத்தில் ஆஸ்பத்திரியும் இறப்புப் பதிவும் இருந்தன. தோட்டத்தில் எந்த லயம் ஆபத்தானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இறப்புக் கணக்கு வந்து சேரும்போது காலம் கடந்துவிடும். காய்ச்சல் கணக்கையும் முழுதாக நம்ப முடியாது. வேலை செய்த நாளுக்குத்தான் கூலி என்ற நிலையில், காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்து நின்றவர்கள் பலர்.

மலேரியாவின் முதல் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. தலைவலி, உடம்பு வலி, களைப்பு, வாந்தி, பிறகு உடல் நடுங்கும் குளிர், அதன்பின் கொதிக்கும் சூடு, கடைசியில் வியர்த்து ஓய்வது. வியர்த்து ஓய்ந்ததும் நோய் போய்விட்டது என்று தோன்றும். ஒரு நாள் விட்டு மறுநாள் அதே குளிர் திரும்பி வரும். இன்னொரு வகையில் இந்த முறையும் இருக்காது. காய்ச்சல் ஒழுங்கில்லாமல் வந்து, மூளையைத் தாக்கி, சில நாட்களில் ஆளைக் கொன்றுவிடும். திரும்பத் திரும்ப நோய் கண்டவர்களுக்கு இரத்தம் குறைந்து உடல் வெளுக்கும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு ஏற்படும், பிள்ளை இறந்தே பிறப்பதும் உண்டு.

வாட்சன் நம்பிய அடையாளம் வேறு. இடது விலாவுக்குக் கீழே, வயிற்றுக்குள் இருக்கும் மண்ணீரல்தான் அது. நல்ல உடல்நிலையில் இருக்கும் பிள்ளையின் வயிற்றில் அது கைக்குத் தட்டுப்படாது. மலேரியா ஒட்டுண்ணி அழிக்கும் சிவப்பணுக்களை வடிகட்டும் வேலை மண்ணீரலுடையது. நோய் மீண்டும் மீண்டும் தாக்கும்போது அது வீங்கி, விலாவைத் தாண்டிக் கீழே இறங்கும். கையை வைத்து மெல்ல அழுத்தினால் அதன் விளிம்பு விரலில் படும். முற்றினால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு வயிறு புடைத்து நிற்கும்.

இந்த அறிவு வாட்சனோடு பிறந்ததல்ல. சதுப்பு நீரைக் குடிப்பவர்களுக்கு மண்ணீரல் பெருத்திருப்பதைப் பழங்கால கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸே கவனித்திருக்கிறார். 1840களில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்கள் ஓரமாக இருந்த கிராமங்களில், டெம்ப்ஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் மக்களின் மண்ணீரலைச் சோதித்து, எந்த ஊரில் காய்ச்சல் அதிகம் என்று கணக்கிட்டார். அப்போது மலேரியா ஒட்டுண்ணியை யாரும் கண்டிருக்கவில்லை. கொசுவின் மீது யாருக்கும் சந்தேகமும் வந்திருக்கவில்லை. ஆனாலும் கையால் தொட்டுப் பார்த்த கணக்கு சரியாகவே இருந்தது.

வாட்சன் அந்த முறையைத் தோட்டங்களில் பயன்படுத்தினார். பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சோதித்தார். பெரியவர்கள் நோயைத் தமிழ்நாட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கலாம், வேறொரு தோட்டத்தில் வாங்கியிருக்கலாம். பலமுறை நோய் கண்டு ஓரளவு தாங்கும் சக்தியும் பெற்றிருக்கலாம். சிறு பிள்ளைகள் அப்படியல்ல. தாங்கள் வளரும் லயத்தில் கொசு என்ன கொடுத்ததோ அதை அப்படியே உடலில் சுமப்பவர்கள் அவர்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது என்று எண்ணினால், அந்த நிலத்தில் மலேரியா எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மருந்தோ இயந்திரமோ தேவையில்லை. ஒரு காலைப் பொழுதில் ஒரு தோட்டத்தை முடித்துவிடலாம்.

நோயாளி என்று யாரும் நினைக்காத பிள்ளைகளிடம் இருந்த இந்த அறிகுறி, அடுத்துச் சாகப்போகிறவர்களைப் பற்றிய முன்னெச்சரிக்கையாகவும் இருந்தது. மண்ணீரல் பெருத்த பிள்ளைகள் நிறைந்த லயத்தில், கப்பலிலிருந்து இறங்கிய புதிய தொழிலாளர்களைக் குடிவைத்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கிலேயே இருந்தது.

ஆயிரத்துக்கு அறுபத்து மூன்று

அரசாங்கப் பணியை விட்டபின் வாட்சன் தோட்டங்களின் மருத்துவரானார். மலாயா முழுவதும் ரப்பர் பித்துப் பிடித்திருந்த காலம் அது. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. காடுகள் அவசர அவசரமாக வெட்டப்பட்டன. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் பினாங்கில் ஆட்களை இறக்கின.

அதன் விலை 1911ஆம் ஆண்டுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் அந்த ஆண்டு சுமார் 1,43,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் 9,000 பேருக்கு மேல் ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63 பேர். இவர்கள் வேலைக்குத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரப்பட்டவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், வேலை செய்யும் வயதில் இருந்தவர்கள். வயிற்றுப்போக்கு போன்ற வேறு நோய்களும் இதில் உண்டு. என்றாலும் மலேரியாதான் முன்னணியில் இருந்தது.

வாட்சனின் புகழ்பெற்ற நூல், கூட்டரசு மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு பற்றியது, அதே 1911இல்தான் வெளிவந்தது. ரொனால்டு ராஸ் அதற்கு முன்னுரை எழுதினார். தோட்டங்களின் பிள்ளைகளைச் சோதித்த கணக்குகள் அந்த நூலின் முதுகெலும்பு.

காட்டை வெட்டிய இடத்தில் வந்த காய்ச்சல்

கரையோரச் சமவெளித் தோட்டங்களில் கணக்கு தெளிவாக இருந்தது. காட்டை ஒட்டிய லயங்களில் பெருத்த மண்ணீரல் அதிகம். ஏறக்குறைய அரை மைல் தள்ளிப் போனால் மிகக் குறைவு. அங்கே நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கி நிற்கும் நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி, அல்லூர் எடுத்து நீரை வடித்து, வெயில் பட வைத்தால் அது போய்விடும். லயங்களைக் காட்டிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும் என்று வாட்சன் வற்புறுத்தியது இதனால்தான்.

இதே மருந்து குன்றுப் பகுதித் தோட்டங்களுக்கும் பலிக்கும் என்று முதலில் எல்லோரும் எண்ணினார்கள். பலிக்கவில்லை. குன்றுச் சரிவில் காட்டை வெட்டி, ஓடையைச் சுத்தப்படுத்தி, நீர் தெளிவாக ஓடும்படி செய்தும் பிள்ளைகளின் மண்ணீரல் சிறுக்கவில்லை. பல இடங்களில் நோய் கூடியது. பார்வைக்கு மிகச் சுத்தமாக இருந்த தோட்டத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் வேறொரு கொசு. மலாயாவின் குன்றுகளில் நோய் பரப்பும் அனோபிலிஸ் மெக்குலேட்டஸ், நிழலை வெறுத்து வெயிலை விரும்புவது. சேறும் சகதியும் அதற்கு வேண்டாம். வெயில் படும் தெளிந்த ஊற்று நீரும் ஓடை ஓரமும்தான் அது பெருகும் இடங்கள். காடு மூடியிருந்தவரை ஆபத்தில்லாமல் இருந்த ஓடைகளை, காட்டை வெட்டியவர்களே கொசுப் பண்ணையாக மாற்றியிருந்தார்கள். கடலோரத்தில் மூன்றாவது வகைக் கொசு இருந்தது. அலையாத்திக் காட்டை அழித்து, கரை கட்டும் இடங்களில் உப்பும் நன்னீரும் கலந்து தேங்கும் குட்டைகளில் அது வளர்ந்தது.

எல்லாக் கொசுவையும் எல்லா இடத்திலும் ஒழிக்கத் தேவையில்லை, அந்தந்த நிலத்தில் நோயைச் சுமக்கும் கொசு எது என்று அறிந்து, அதற்குப் பிடித்த நீரைக் கெடுத்தால் போதும் என்ற முடிவுக்கு வாட்சன் வந்தார். குன்றுப் பள்ளங்களில் சுட்ட மண் குழாய்களைப் பதித்து, ஊற்று நீர் வெளியே தெரியாமல் நிலத்துக்கடியிலேயே ஓடிப்போகச் செய்தார். 1911இல் சிங்கப்பூருக்கு அழைக்கப்பட்டு அங்கும் இந்த முறையை அறிமுகம் செய்தார். குழாய் பதிக்க முடியாத இடங்களில் நீர் மேல் எண்ணெய் தெளிக்கும் முறை பரவியது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே வாரம் தவறாமல் எண்ணெய் அடித்தால் ஒரு தலைமுறைக் கொசுவும் தப்பாது. கொயினா மாத்திரை கொடுப்பதும் தொடர்ந்தது. ஆனால் கொயினாவை மட்டும் நம்பி நோயை ஒழிக்க முடியாது என்பதை வாட்சன் தன் அனுபவத்தில் உணர்ந்திருந்தார்.

குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்களும், முதுகில் டின் சுமந்து எண்ணெய் அடித்தவர்களும், லயம் லயமாகப் போய்க் காய்ச்சல்காரர்களைத் தேடிக் கொயினா விழுங்க வைத்த டிரெசர்களும் தோட்டத்து மக்களே. வாட்சனின் பெயர் நிலைத்தது. அவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர் எண்ணிய பிள்ளைகளும் அட்டவணைகளில் எண்ணிக்கையாக மட்டுமே இருக்கிறார்கள்.

உயிருக்குச் சொன்ன விலை

வாட்சனை ஏழைப் பங்காளராக மட்டும் காட்டுவது முழு உண்மை ஆகாது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவை தோட்டக் கம்பெனிகள். லயத்தை இடம் மாற்றவும், வடிகால் வெட்டவும், குழாய் பதிக்கவும் ஆகும் செலவைக் கம்பெனி இயக்குநர்கள் ஏற்க வேண்டுமானால், நோயாளித் தொழிலாளியால் ஆகும் நட்டம் அதைவிடப் பெரிது என்று காட்ட வேண்டியிருந்தது. அவரும் அப்படித்தான் வாதாடினார். தொழிலாளியின் உயிருக்கு ஒரு விலை சொல்லித்தான் அந்த உயிரைக் காக்க முடிந்த காலம் அது. கூலி, கடன், கங்காணி ஆதிக்கம் ஆகியவை அவருடைய போராட்டங்கள் அல்ல.

ஆனால் ஒன்றில் அவர் தெளிவாக இருந்தார். ஆட்கள் சாவதற்கு அவர்களின் பழக்கவழக்கம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் செய்தார். ஒரு தோட்டத்தில் மண்ணீரல் பெருத்த பிள்ளைகள் நிறைய இருந்தால், குறை பிள்ளையிடமோ தாயிடமோ இல்லை, லயம் கட்டிய இடத்தில் இருக்கிறது. லயத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தது நிர்வாகம். 1920களின் நடுவில் தோட்டங்களின் இறப்பு விகிதம் 1911இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. மருத்துவமனைகள், குடிநீர், சட்டங்கள் என்று பலவும் அதற்குத் துணை. மலேரியாத் தடுப்பின் பங்கு அதில் பெரியது.

லண்டனில் கடைசிக் காலம்

1924இல் வாட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1920களின் இறுதியில் மலாயாவை விட்டு லண்டன் சென்று, ராஸ் பெயரில் தொடங்கப்பட்ட வெப்பமண்டல நோய் ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். 1932இல் ராஸ் மறைந்த பின் அதன் இயக்குநரானார். கிள்ளானிலும் தோட்டங்களிலும் கற்றதை ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கங்களுக்கும் இந்தியத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றார்.

அவர் கட்டியது எவ்வளவு எளிதில் இடிந்துபோகும் என்பதை ஜப்பானியர் ஆட்சிக்காலம் காட்டியது. 1942க்குப் பின் வடிகால்கள் தூர்ந்தன, எண்ணெய் அடிப்பது நின்றது, கொயினா கிடைக்கவில்லை. மலேரியா மீண்டும் தோட்டங்களுக்குள் புகுந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பலரைக் கொன்றதும் மலேரியாதான். போருக்குப் பின் தடுப்புப் பணிகள் மறுபடியும் தொடங்கின. வாட்சன் 1955 டிசம்பரில், தமது 82வது வயதில் காலமானார்.

இன்றைய அறிகுறி

1967இல் மலேசியா மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2018 முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் மலேரியா உள்நாட்டில் பதிவாகவில்லை. பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய காலம் போய்விட்டது.

ஆனால் வேறொரு மலேரியா இருக்கிறது. குரங்குகளிடம் காணப்படும் நோலெசி ஒட்டுண்ணி கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. 2004இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் இதைப் பெரிய அளவில் கண்டறிந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அதிக ஆபத்தில்லாத இன்னொரு மலேரியா வகையைப் போலவே தெரிந்ததால், அதுவரை அது தவறாக அடையாளம் காணப்பட்டு வந்தது. நோலெசி ஒரே நாளில் பெருகக்கூடியது. தாமதித்தால் உயிரைப் பறிக்கும்.

காட்டோரச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களும், மலையேறப் போகிறவர்களும், லூமுட் போலக் குன்றும் காடும் குரங்கும் வீட்டுக்கு அருகில் இருக்கும் ஊர்களில் வாழ்பவர்களும் கவனிக்க வேண்டியது இதுதான். குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், டெங்கியாக இருக்கும், சாதாரணக் காய்ச்சலாக இருக்கும் என்று கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தக் கூடாது. கிளினிக்குக்குப் போய், அண்மையில் காட்டுப் பக்கம் போனதைத் தாங்களாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். காலத்தோடு கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும்.

நோயைவிட முன்னதாக அதன் அடையாளத்தைப் பிடிப்பதுதான் வாட்சன் தம் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை. 1911இல் மலேரியாவால் இறந்தவர்களுக்கு அந்த அடையாளம் காலத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை. இன்று கண்டுபிடிக்க ஒரு துளி இரத்தமும், நேரத்தோடு கிளினிக்குக்குப் போகும் பழக்கமும் போதும்.